முறை சொன்ன கம்ப்யூட்டர்

கூமாப்பட்டியில் இருந்து கம்ப்யூட்டர் படிக்கப் போன முதல் பெண் வெள்ளைத்தாய். அதைச் சொல்லிப் பெருமைப்பட ஊரில் ஆள் இல்லை என்பது வேறு விஷயம். அந்தப் பிள்ளை டைப் அடிக்கப் படிக்கிறது என்றுதான் கடைசிவரைக்கும் பேசிக்கொண்டார்கள். அவளுடைய அப்பா சமுத்திரம் நெல்லையும் தென்னையையும் தவிர வேறெதையும் நம்பாத மனுஷர். மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், "பெரிய படிப்பு" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வார்.

காலையில் ஊரில் கிளம்புகிற பஸ் வத்திராயிருப்பு வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும். அங்கே இறங்கி, ராஜபாளையத்துக் கல்லூரிக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். தம்பி கருத்தையாவும் அதே கல்லூரியில் பி.காம். படித்தான். அக்காவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று சேர்த்துவிட்டார்கள். அக்கா படிக்கப் போகாவிட்டால் அவன் இந்நேரம் மாந்தோப்புக்குக் காவல் இருந்திருப்பான். பெரியவர்கள் இதை மாற்றித்தான் சொல்வார்கள், பெண்ணைப் படிக்க வைத்ததே பையனின் புண்ணியத்தால் என்பதுபோல.

இந்த இரண்டு பஸ்ஸையும் பற்றிச் சொல்லியாக வேண்டும். கருத்தையாவின் வகுப்பில் தனுஷ்கோடி என்று ஒரு பையன் இருந்தான். அவனும் கூமாப்பட்டிதான், ஆனால் ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தெரு. இந்தத் தெருவுக்கும் அந்தத் தெருவுக்கும் நல்லது கெட்டது எதிலும் ஒட்டு கிடையாது. முதல் பஸ்ஸில் கருத்தையா டிரைவருக்குப் பின்னால் நிற்பான். தனுஷ்கோடி பின்படியில் நிற்பான். ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்க மாட்டான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஊர்ச்சனம் இறங்கிக் கலைந்ததும் கதை மாறிவிடும். இரண்டாவது பஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஒரே சீட்டு, ஒரே சாப்பாட்டுத் தூக்கு, வாய்க்கு வாய் மச்சான். சாயங்காலம் திரும்பி வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே அந்த மச்சானை இறக்கிவிட்டுவிட்டு ஊருக்குப் போவார்கள்.

வெள்ளைத்தாய்க்கு எல்லாம் தெரியும். வாயைத் திறக்கவில்லை. அது தொண்ணூற்றேழாம் வருஷம். எவன் எந்தத் தெருவில் நின்றான் என்பதற்கெல்லாம் அரிவாள் எடுத்த வருஷம். பஸ் ஓடாமல் வீட்டில் கிடந்த நாட்கள் எத்தனையோ. தம்பிக்கு அவளால் செய்யக்கூடிய உபகாரம் வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றுதான். அதை அவள் ஒழுங்காகச் செய்தாள்.

கடைசி வருஷத்தில் ஆளுக்கொரு ப்ராஜெக்ட் செய்து காட்ட வேண்டும். வகுப்பில் பாதிப்பேர் சம்பளக் கணக்கு, மீதிப்பேர் ஆஸ்பத்திரி பில். முந்தின வருஷத்து அண்ணன்மாரின் ஃப்ளாப்பியை வாங்கி, பெயரை மாற்றி, ஸ்பைரல் பைண்டிங் போட்டால் வேலை முடிந்தது. வெள்ளைத்தாய்க்கு அப்படிச் செய்ய மனசு வரவில்லை. செய்யவும் முடியாது. மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் அவளுடைய ஆசிரியை ஞானபாக்கியம் மேடத்துக்குத் தெரிந்தவர். ப்ராஜெக்ட் உருப்படியாக இருந்தால் வேலைக்கு எடுத்துக்கொள்வதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். வேலை கிடைத்தால் கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்று அப்பாவும் அரை மனசாக ஒப்புக்கொண்டிருந்தார். கல்யாணம் என்றால், தாய்மாமன் பொன்னுராஜின் மகன் சங்கிலிப்பாண்டியோடு. அவள் வயசுக்கு வந்த அன்றைக்கே பேசி வைத்தது. அவனைப் பிடிக்காமல் இல்லை. பிடிக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அவள் யோசித்ததெல்லாம் அந்த இரண்டு பஸ்ஸைப் பற்றித்தான். கல்லூரி லேபில் கம்ப்யூட்டர்களை ஒயர் போட்டு இணைத்திருந்தார்கள். ஒன்றில் அடித்தால் இன்னொன்றில் தெரியும். அதில் ஒவ்வொருத்தரும் தன் பெயரைப் போட்டு, ஊரைப் போட்டு, தனக்கு யார் யார் சிநேகிதம், ஊர்ப்பேச்சில் சேக்காளி, என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் செய்துவைத்தால் என்ன? சேக்காளிக்கு ஒரு வரி எழுதி வைக்கலாம். அவன் வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டருக்குத் தெரு கிடையாதே. இன்டர்நெட் என்ற சொல்லை அவள் பத்திரிகையில்தான் பார்த்திருந்தாள். விஷுவல் பேசிக்கில் ஒவ்வொரு பெட்டியாக வரைந்து, ப்ரோகிராமுக்குச் 'சேக்காளி' என்றே பெயர் வைத்தாள்.

முதல் தடவை ஒருத்தரும் அதைச் சீண்டவில்லை. பெயர் போட்டார்கள், ஊர் போட்டார்கள், சேக்காளி என்ற கட்டம் வந்ததும் கையை எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒரு பையனைச் சேக்காளி என்று எழுதிவிட்டு எந்தப் பெண் வீட்டுக்குப் போவாள்? வெள்ளைத்தாய் சோர்ந்து போய் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் விஷயம் புரிந்தது. இந்தப் பக்கத்தில் வெறும் சேக்காளி என்று ஒருத்தர் உண்டா? டிக்கெட் கொடுப்பவர் அண்ணாச்சி. பூக்காரி அக்கா. வழி கேட்கிற அறியாத மனுஷர்கூட மாமாதான். எந்த முறையும் இல்லாமல் ஒருத்தரோடு பேச இந்த ஊர்க்காரர்களுக்கு நாக்கு எழாது. மறுநாளே அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு, 'இவர் உங்களுக்கு என்ன முறை' என்று மாற்றினாள்.

அவ்வளவுதான், கூட்டம் தாங்கவில்லை. பெண்கள் தைரியமாக வந்து வகுப்பிலிருந்த பையன்கள் அத்தனை பேரையும் அண்ணன் என்று போட்டுவிட்டுப் போனார்கள். ஒரே மத்தியானத்தில் தங்கச்சிகள் மலிந்துபோன சில பையன்களின் முகம் அன்றைக்குச் சுண்டிப்போனது. வெள்ளைத்தாய் வாழ்க்கையில் அப்படிச் சிரித்தது அந்த ஒரு வாரம்தான்.

ஞானபாக்கியம் மேடம் நல்லவர், ஆனால் லேசில் திருப்திப்படாதவர். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதில் கம்ப்யூட்டர் தானாக என்ன யோசிக்கிறது, வெறும் விலாச டைரிதானே என்று கேட்டுவிட்டார். வெள்ளைத்தாய் ஊருக்குப் போய் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே முறைகளைச் சொல்லச் சொல்ல, இவள் அதை விதிகளாக்கினாள். அண்ணனுக்கு அண்ணன் நமக்கும் அண்ணன். அண்ணன் பெண்டாட்டி மதினி. தம்பிக்கு எவன் மச்சானோ, அவன் அக்காளுக்குக் கட்டுகிற முறை. ஒருத்தரைப் பற்றி இன்னொருத்தர் தானே முறை சொல்லியிருந்தால் ப்ரோகிராம் அதையே வைத்துக்கொள்ளும். யாரும் ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால் மட்டும், இடையில் இருக்கிறவர்களைப் பிடித்து, தானாக முறை கண்டுபிடிக்கும். யார் மூலமாகக் கண்டுபிடித்தது என்று காட்ட 'வழி' என்று ஒரு பட்டனும் வைத்தாள். அந்தப் பட்டன்தான் அவளுடைய செல்லப்பிள்ளை.

சொந்தக் குடும்பத்தின் பெயர்களைப் போட்டுத்தான் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தாள். இம்மி பிசகாமல் வந்தது. வராமல் என்ன செய்யும்? குடும்பத்துக்குள் மச்சான் என்றால் மச்சான்தான். பஸ்ஸில் தோளில் கைபோட்டுக்கொண்டு சொல்கிற மச்சானைச் சோதித்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. தினமும் காதால் கேட்டுக்கொண்டு வந்தவள்தான். ஆனாலும் தோன்றவில்லை.

ப்ராஜெக்ட்டைக் காட்டுகிற நாளில் வெளியூரிலிருந்து ஒரு பரிசோதகர் வந்திருந்தார். பெண் பிள்ளைகளின் பெற்றோர் வந்து பார்த்தால் மேற்கொண்டு படிக்க வைப்பார்கள் என்பது மேடத்தின் நம்பிக்கை. அதனால் அவர்களையும் அழைத்திருந்தார். சமுத்திரம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, மைத்துனர் பொன்னுராஜையும் கூட்டிக்கொண்டு வந்தார். பொன்னுராஜ் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நாலு ஊர் பார்த்தவர், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பார், அதை நாலு பேருக்குத் தெரியும்படி படிப்பார். இருவரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருவதுபோல ஏசி அறைக்குள் வந்தார்கள்.

காலையிலேயே பி.காம். பையன்களையும் உள்ளே விட்டுப் பெயர் போடச் சொல்லியிருந்தார்கள், நிறையப் பெயர் இருந்தால் பார்க்க அழகாக இருக்குமென்று. வெள்ளைத்தாய் அந்த நேரத்தில் அடுத்த அறையில் தன் ரிப்போர்ட்டைப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. பரிசோதகர் இரண்டு மூன்று கேள்வி கேட்டார், தலையாட்டினார், மேடத்தைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்பில் வெள்ளைத்தாய்க்கு மதுரை தெரிந்தது. அப்போதுதான் பொன்னுராஜுக்கு ஆசை வந்தது. மருமகளுக்கு யார் யார் என்ன முறை என்று மெசின் சொல்லுமா, சொல்லச் சொல் பார்க்கலாம் என்றார். அவள் சந்தோஷமாகத் தன் பெயரை அடித்தாள். தமிழ்ப் பெயர்கள் இங்கிலீஷ் எழுத்தில் வரிசையாக வந்து நின்றன. பொன்னுராஜ் திரையில் விரலை வைத்துக்கொண்டு, டிக்கெட் கேட்கிற குரலில் படிக்க ஆரம்பித்தார். அப்பா, சமுத்திரம். தம்பி, கருத்தையா. மாமா, பொன்னுராஜ். தன் பெயரைப் பார்த்ததும் திரும்பி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு 'கட்டும் முறை' என்று படித்தார். அதற்கடுத்த பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டினார்.

"த... னுஷ்... கோடி."

முதலில் யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. சமுத்திரத்துக்குத்தான் முதலில் உறைத்தது. அவர் குரலை உயர்த்தவில்லை.

"எந்தத் தனுஷ்கோடி? ஓடைக்கு அங்கிட்டு உள்ளவனா?"

வெள்ளைத்தாய்க்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. எழுதினவள் அவள்தானே. காலையில் தம்பி வந்து அவனை மச்சான் என்று போட்டிருக்கிறான். ஊரில் சொல்ல முடியாததைக் கம்ப்யூட்டரிலாவது சொல்லிக்கொள்ளலாம் என்றுதானே அவளே இந்த இடத்தைச் செய்துவைத்தாள். ப்ரோகிராம் அம்மா சொன்ன விதியைப் பிடித்துக்கொண்டு போய், அக்காளைக் கொண்டுவந்து அவனுக்குக் கட்டிவைத்துவிட்டது.

"அது சும்மா வந்துருச்சுப்பா" என்றாள்.

"சும்மா எப்பிடிட்டி வரும்? மெசின் பொய் சொல்லாது, நாம போட்டதத்தான் அது சொல்லும்னு நீதான வருசம் பூரா சொன்ன. இத ஆரு போட்டா?"

மேடத்துக்கு ஊர் விவகாரம் தெரியாது. ராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்தவர். மாணவிக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு பரிசோதகர் பக்கம் திரும்பினார். அதற்கும் இதில் வசதி இருக்கிறது சார், வழி என்று ஒரு பட்டன், அதை அமுக்கினால் யார் மூலமாக வந்ததென்று காட்டிவிடும் என்று விளக்கினார். பரிசோதகர் ஆர்வமாக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வெள்ளைத்தாய் வாசலைப் பார்த்தாள். கருத்தையா கையில் செருப்போடு நின்றுகொண்டிருந்தான், முகத்தில் ரத்தமே இல்லை. அவனுக்குப் பின்னால் தனுஷ்கோடியின் தலை தெரிந்தது. பட்டனை அமுக்கினால் அவள் தப்பித்துவிடுவாள். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை, ப்ரோகிராம் மேலும் குற்றமில்லை, மார்க்கும் வரும், மதுரையும் வரும். அமுக்கினால், ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பையனும் தம்பியும் மாமன் மச்சானாகத் திரிகிற விஷயம் அப்பாவுக்கும் மாமாவுக்கும் தெரிந்துபோகும். அந்த வருஷத்தில் அப்படித் தெரிந்துபோனால் முதலில் யார் விழுவார் என்று கூமாப்பட்டியில் சின்னப்பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

"அந்த பட்டன் வேலை செய்யாது மேடம்" என்றாள். "எம் ப்ரோகிராம் தப்பு."

பரிசோதகர் எந்த இடத்தில் தப்பு என்று கேட்டார்.

"எல்லாமே தப்பு சார்."

சொன்ன கையோடு, பெயர்கள் இருந்த கோப்பைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். நிஜமாகவே அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்றாள். திரை வெறுமையாகிவிட்டது. மேடம் அவளை உற்றுப் பார்த்தார். ஒரு வருஷம் கூடவே உட்கார்ந்து பார்த்தவருக்கு அதில் தப்பில்லை என்று தெரியாதா? ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் வாயை மூடிக்கொண்டார். பரிசோதகர் எதையோ எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்தத் திரையில் 'கட்டும் முறை' என்பதற்குக் கீழே இரண்டு பெயர்கள் இருந்தன. இங்கிலீஷ் எழுத்து வரிசைப்படி தனுஷ்கோடி முதலில் வந்துவிட்டான். அடுத்த வரியில் சங்கிலிப்பாண்டி இருந்தான். பொன்னுராஜ் ஒரு வரி தள்ளிப் படித்திருந்தால் சொந்த மகனின் பெயரைப் படித்திருப்பார், அறையே சிரித்திருக்கும், பரிசோதகரும் சிரித்தபடி மார்க்கைப் போட்டிருப்பார். அந்த இரண்டாவது வரியை வெள்ளைத்தாய் மட்டும்தான் பார்த்தாள்.

மெசினுடைய தப்பு என்பதைச் சமுத்திரம் பாதி நம்பினார். மீதிப் பாதிதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. அந்தப் பையனை விசாரிக்க வேண்டும் என்று ஓரிரு தடவை எழுந்தார். பொன்னுராஜ்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தார். விசாரிக்கப் போனால் நம் பிள்ளையின் பெயர்தான் சந்தி சிரிக்கும், தையிலேயே கல்யாணத்தை முடித்துவிடுவோம், பிறகு அவள் என் வீட்டுப் பிள்ளை, எவன் வாய் திறப்பான் என்றார். மருமகளாக வரப்போகிறவளுக்குக் கெட்ட பெயர் வருவதை எந்த மாமனார் விரும்புவார்? கல்யாணம் நடந்தால் இரண்டு பெரியவர்களும் வாயைப் பூட்டிக்கொள்வார்கள். நடக்காவிட்டால் விசாரணை நடக்கும். வெள்ளைத்தாய்க்கு இதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. அப்பா வந்து கேட்டபோது உடனே சரி என்றாள். அவ்வளவு சீக்கிரம் சரி என்றதும் அவருக்கு மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது, பாவம்.

அடுத்த பரீட்சையில் ப்ராஜெக்ட்டைத் திரும்பக் காட்டலாம் என்று மேடம் கருத்தையாவிடம் சொல்லி அனுப்பினார். வீட்டில் அந்தப் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. மதுரைக்காரர் வேறு யாரையோ எடுத்துக்கொண்டார். சேக்காளி இருந்த ஃப்ளாப்பியை அவள் முகூர்த்தப் புடவைக்கு அடியில் கொஞ்ச நாள் வைத்திருந்தாள். அதைப் போட்டுப் பார்க்க வத்திராயிருப்பில் ஒரு கம்ப்யூட்டரும் இல்லை. புடவைப் பெட்டியில் பூஞ்சை பிடித்தபோது அதற்கும் பிடித்தது.

சங்கிலிப்பாண்டி வத்திராயிருப்பில் தேங்காய் கமிஷன் கடை வைத்திருந்தான். கெட்டவன் இல்லை. எல்லோரும் அவளிடம் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கெட்டவனாக இருந்திருந்தால் உட்கார்ந்து அழுவதற்காவது ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். என் பெண்டாட்டி கம்ப்யூட்டர் படித்தவள் என்று லாரிக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லுவான். அந்த நேரத்தில் அவள் அடுப்படிக்குள் போய்விடுவாள்.

கருத்தையாவும் தனுஷ்கோடியும் அதற்குப் பிறகு இரண்டாவது பஸ்ஸிலும் தள்ளித்தான் நின்றார்கள் என்று கேள்விப்பட்டாள். தம்பி அதை அவளிடம் நேரில் சொல்லவில்லை. தம்பி அவள் முகத்தைப் பார்த்தே பேசுவதில்லை. இரண்டு பேரின் உயிரைக் காப்பாற்றினாள், சரிதான். எதற்காக அந்தப் பெட்டிகளையெல்லாம் வரைந்தாளோ, அது போய்விட்டது.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு. கைக்குழந்தைக்குக் காய்ச்சல், டாக்டரிடம் காட்டிவிட்டு வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறினாள். உட்கார இடமில்லை. ஜன்னலோரத்தில் இருந்த ஒருவன் சட்டென்று எழுந்து நின்றான். மீசை வைத்திருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை.

"உக்காருங்கக்கா" என்றான் தனுஷ்கோடி.

அவள் உட்கார்ந்தாள். அக்கா என்கிற அந்த ஒரு சொல் அவள் காதில் சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் அன்றைக்குக் காலையில் இந்தச் சொல்லைப் போட்டிருந்தால் போதும். சொன்ன முறைதான் நிற்கும், சொல்லாமல் விட்டதைத்தான் ப்ரோகிராம் தேடும். கேட்கக்கூடாது என்று நினைத்தாள், கேட்டுவிட்டாள். எல்லோருக்கும் முறை போட்டவன் எனக்கு மட்டும் ஏன் போடாமல் விட்டாய்?

அவன் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னான்.

"அக்கான்னு அடிச்சேன்க்கா. பொறவு பயம் வந்துருச்சு. உங்க தெருவுப் பிள்ளை பேர நான் தொட்டேன்னு ஆராச்சும் பாத்தா உங்களுக்குத்தான கெட்ட பேரு? அதான் அழிச்சிட்டு வெறுமனே விட்டுட்டேன்."

அழிக்காமல் இருந்திருக்கலாமே என்று அவனிடம் எந்த வாயால் சொல்வது? அவளும்தானே அழித்தாள். குழந்தை சிணுங்கியது, தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். அதற்குள் கூமாப்பட்டி ஆட்கள் இரண்டு மூன்று பேர் பேசிக்கொண்டே முன்படியில் ஏறினார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தபோது தனுஷ்கோடி பின்படிக்குப் போயிருந்தான்.